முன்வரிசைக்கு வந்தவன்

பாரிஸின் லா ஷப்பலில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். படங்களுக்குச் சட்டம் போடும் தமிழ்க் கடை. முருகன், மாதா, மாலை போட்ட இறந்தவர்கள். ஒரு படம் மட்டும் சுவரைப் பார்த்துத் தொங்குகிறது. சும்மா இருக்க முடியாமல் ஏன் என்று கேட்டுவிடுகிறேன்.

"ரஷ்யாப் படம். சட்டம் போடக் குடுத்த ஆள் திரும்பி வரேல்லை," என்று கடைக்காரர் திருப்பிக் காட்டுகிறார்.

பழைய நாட்டுப்புற அச்சுப்படம். குதிரைமேல் தளபதி பாதித் தாளை அடைத்துக்கொண்டு அமைதியாக இருக்கிறார். கீழே விரல்நக அளவுச் சிப்பாய்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே முகம். கையால் பூசிய சிவப்பு, வரைகோடுகளைத் தாண்டி முன்வரிசைமேல் வழிந்திருக்கிறது.

காய்கறிப் பையோடு ஓர் அம்மா உள்ளே வருகிறார். இவர் மகன் இலங்கைப் போரில் காணாமல் போனவன், அவன் படத்துக்கு மாலை போட இவர் இன்னும் சம்மதிக்கவில்லை என்று கடைக்காரர் என் காதோடு சொல்கிறார்.

அந்த அம்மா தளபதியைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிமேல் விரல் வைத்து ஒரு சிப்பாயைத் தொடுகிறார்.

"தம்பி, போன கிழமை இவன் கடைசி வரிசையிலையெல்லோ நிண்டவன். இப்ப முன்னுக்கு வந்திட்டான்."

நான் சிரிக்கப் பார்க்கிறேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. படத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்புகிறார்.

"இனி நகரமாட்டான், அக்கா."