சடுகுடுவுக்கு முன்னால் ஓர் ஆட்டம்

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், என் அம்மாவின் தம்பி எகிப்திலிருந்து இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்தார். அங்கே பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். லாரி ஓட்டுகிறவருக்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மணலைப் பற்றிக் கேட்டால் மாமா சொல்வார். ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டால் நடந்தே காட்டுவார். குண்டு விழுவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் அம்மாவைக் கூப்பிட்டுக் காப்பி கேட்பார்.

அவரே வலிய வந்து சொன்ன பட்டாளத்துக் கதை ஒன்றே ஒன்றுதான். பாலைவனத்தில் ஒரு நாள் பட்டாளத்தாருக்குள் பந்தாட்டம் நடந்ததாம். பந்து உருண்டையாக இல்லாமல் முட்டை போல நீண்டிருக்குமாம். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓட, மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துச் சாய்ப்பார்களாம். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள். இன்னொரு பக்கம் நியூசிலாந்து என்ற தீவுதேசத்துக்காரர்கள். அவர்களில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளும் இருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன் தீவுக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று, முழங்காலை மடக்கி, தொடையிலும் நெஞ்சிலும் அறைந்துகொண்டு, கண்ணை உருட்டி, தங்கள் பாஷையில் முழங்கி ஆடினார்களாம். அவர்களுடைய முன்னோர்கள் போருக்குப் போகுமுன் ஆடிய ஆட்டமாம் அது.

"பக்கத்துல நின்ன வெள்ளைக்கார சார்ஜென்ட் ஒருத்தருக்குப் பிடிக்கல. வெளையாட வந்த எடத்துல என்னய்யா கூத்துன்னு முனகுனாரு" என்றார் மாமா. "ஆனா எதிர்ல நின்னாக பாரு, அந்த இங்கிலாந்துக்காரக, ஒருத்தராவது அசையணுமே. ஆடி முடிக்கிற வரைக்கும் நேருக்கு நேராப் பாத்துக்கிட்டு நின்னாக."

கதையைச் சொன்னதோடு விட்டிருந்தால் எங்கள் வீட்டில் பிரச்சினை வந்திருக்காது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நடக்கும் சடுகுடுவில் எங்கள் ஊர் ஆட்களும் அப்படி ஆடவேண்டும் என்று மாமா கிளம்பிவிட்டார்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவே, முல்லையாற்றின் இக்கரையில் இருந்தது. அக்கரை ஊரோடு வருஷா வருஷம் ஆற்று மணலில் சடுகுடு நடக்கும். மூன்று வருஷத்துக்கு முன், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எதிராளியை விழத்தட்டிவிட்டு, அவர் முகத்துக்கு நேரே நின்று தொடையைத் தட்டினார். அன்றைக்கு வெடித்த அடிதடியில் அக்கரைக்காரர் ஒருவருக்குக் கை முறிந்து, பிறகு அது நேராகவே இல்லை. அதோடு ஆட்டம் நின்றுபோயிற்று. மாமா வந்த வருஷந்தான் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பேசி மறுபடி நடத்த ஒப்புக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதும் பொறுப்பு அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு. அவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், பிறந்தது கெங்குவார்பட்டி. இரண்டு கரைக்கும் சொந்தமில்லாதவர் என்பதால் இரண்டு கரையும் அவரை நம்பின.

அய்யாவுக்கு விஷயம் எட்டியபோது அவர் கோபப்படவில்லை. கோபப்படாமல் பேசும்போதுதான் அவரிடம் எனக்குப் பயம்.

"மாப்ள, இது வேணாம். ஒருத்தன் தொடையத் தட்டுனதுக்கே ஒரு கை போச்சு. நீ ஏழு பேரச் சேத்துத் தட்டச் சொல்ற."

"அவன் விழுந்து கெடந்த ஆள் முன்னாடி தட்டுனான் மச்சான். அது ஏளனம். இது ஆட்டத்துக்கு முன்னாடி, எதிராளி முழுசா நிக்கிறப்ப ஆடுறது. உன்னைய நான் லேசா நெனைக்கலன்னு அர்த்தம்."

"வெளையாட்டுன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தொடங்கணும். ஒரு பக்கம் ஆடி, ஒரு பக்கம் வேடிக்கை பாத்தா அது எப்படிச் சமமாகும்?"

"நிக்கிறதும் லேசுப்பட்டது இல்ல மச்சான்" என்றார் மாமா.

"பட்டாளத்துல இருந்து வந்தவன் நாலு நாள் நல்லாத் தின்னுட்டுப் படுத்திருக்கக் கூடாதா" என்று அம்மா அடுப்படியிலிருந்து பொதுவாகக் கேட்டாள்.

கடைசியில் அய்யா ஒரு வழி சொன்னார். அக்கரைக்காரர்களிடமே கேட்டுவிடுவது, அவர்கள் மாட்டோம் என்றால் அத்தோடு விட்டுவிடுவது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் அடம்பிடித்து அவர்களோடு ஆற்றைக் கடந்து போனேன்.

அக்கரை அணியின் தலைவர் குமுளி மலைக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறவர். மாட்டுக்கு லாடம் கட்டிக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் அம்மிக்கல் போல இருந்தன. கை முறிந்தது அவருடைய சொந்த அண்ணனுக்கு என்று வழியில் அய்யா சொல்லியிருந்ததால் நான் அய்யாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். மாமா தீவுக்காரர்களின் கதை முழுவதையும் அவரிடம் சொன்னார். வண்டிக்காரர் மாட்டுக்காலை விடாமலே கேட்டார்.

"நீங்க ஆடுறப்ப நாங்க என்ன செய்யணும்?"

"நிக்கணும். பாக்கணும். அம்புட்டுத்தான்."

"சிரிப்பு வந்தா?"

"தாராளமாச் சிரிங்க."

அவர் மாட்டுக்காலைக் கீழே விட்டார். மாமாவை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். "ஆடட்டும் வாத்தியாரே" என்று அய்யாவிடம் சொன்னார். "எங்க பயக நிப்பாக. அதுக்கு நான் பொறுப்பு."

அதற்குப் பிறகு பத்து நாளும் விடிந்ததும் விடியாததுமாகக் களத்தில் பயிற்சி. அந்நிய ஆட்டத்தை அப்படியே ஆடக்கூடாது, அது அவர்கள் முன்னோர் சொத்து என்பதில் மாமா பிடிவாதமாக இருந்தார். எங்கள் ஊர் இளவட்டங்கள் எல்லோருக்கும் சிலம்பம் தெரியும். சிலம்பத்தில் கம்பைச் சுற்றுவதற்கு முன் எதிராளிக்கு வணக்கம் வைக்கும் சலாம் வரிசை என்று ஒன்று உண்டு. கம்பில்லாமல் அந்தக் காலடியை எடுத்துக்கொண்டு, தொடைத்தட்டைச் சேர்த்தார். தாளத்துக்கு ஒரு சீமெண்ணெய் டின். அடிப்பது யார் என்பதில் இளவட்டங்களுக்குள் போட்டி. ஆனால் ஆளுக்கொரு வேகத்தில் அடித்தார்கள். ஓரமாக உட்கார்ந்து நான் தொடையில் தட்டிக்கொண்டிருந்ததை மாமா பார்த்தார். "ஆத்தா, நீ வா" என்று என்னைக் கூப்பிட்டார். வீட்டில் அம்மா, பொட்டப்பிள்ளைக்கு அது வேண்டாம் என்றாள். அய்யா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "தாளம் தப்பாம அடிச்சாச் சரி" என்றார்.

முழக்கமும் மாமாதான் கட்டினார். "வந்துட்டோம், நின்னுட்டோம், வாங்க." 'வாங்கடா' என்று இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று இளவட்டங்கள் கெஞ்சினார்கள். மாமா விடவில்லை. மரியாதையாகக் கூப்பிடும் போர்முழக்கம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான் இருந்திருக்கும்.

அந்த நாள் வந்தது. இரண்டு கரையிலும் தலைகள். மணலில் நடுக்கோடு கிழித்திருந்தது. அய்யா வாயில் விசிலோடு கோட்டின் ஓரத்தில் நின்றார். நான் டின்னைத் தட்டினேன். முதல் அடியில் கூட்டம் சிரித்தது. இரண்டாம் அடியிலும் சிரித்தது. ஏழு பேரின் பதினான்கு பாதங்களும் ஒரே சமயத்தில் மணலில் இறங்க, ஏழு கைகள் ஒரே சமயத்தில் தொடையில் விழ, சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. முன்வரிசையில் மாமா. இரவல் வாங்கிய முகம் போல இருந்தது அவருக்கு. வீட்டில் ஒட்டகம் மாதிரி நடந்து காட்டியவரின் கண்கள் இல்லை அவை.

எதிரே வண்டிக்காரர் தன் ஆட்களை விட்டு ஓரடி முன்னால் வந்தார். இன்னும் ஓரடி. நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றார். அய்யாவின் கன்னம் விசிலை ஊதப் புடைத்ததைப் பார்த்தேன். நான் தாளம் தப்பாமல் தட்டினேன். "வாங்க" என்று ஏழு பேரும் கடைசியாக முழங்கி அப்படியே நின்றார்கள். ஆற்றுத்தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

வண்டிக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். உதறி, இடுப்பில் கட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற ஆறு பேரும் அதையே செய்தார்கள். பிறகு அவர் மாமாவைப் பார்த்து, "வந்தோம்" என்றார்.

அய்யா விசில் ஊதினார்.

நாங்கள் தோற்றோம். ஒரே ஒரு ஆள் வித்தியாசத்தில், மாமாவே கடைசியாகப் பிடிபட்டு. வண்டிக்காரர் அவரை இடுப்போடு அமுக்கினார். மாமாவின் சடுகுடு மூச்சு அறுந்ததும் அவரே கைகொடுத்துத் தூக்கிவிட்டு, முதுகில் ஒட்டிய மணலைத் தட்டினார். அன்றைக்கு ஒரு கல் எறியப்படவில்லை, ஒரு கெட்ட வார்த்தை எழவில்லை. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. இவ்வளவு ஆடியும் தோற்றோமே என்று டின்னைக் காலால் உதைத்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமாவிடம், எகிப்தில் ஆடியவர்களாவது ஜெயித்தார்களா என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லையாம். "அதுக்கு மறுவாரம் அந்த அணியில பாதிப் பேரு இல்ல ஆத்தா" என்றார். அவர்களுக்கும் மாமாவைப் போல விடுப்புக் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அய்யா மட்டும் அன்றைக்கு மாமாவின் தோளில் கைபோட்டபடி வீடுவரை வந்தார். அப்படி அவர் யார் தோளிலும் கைபோட்டு நான் பார்த்ததில்லை.

சண்டை முடிந்து மாமா முழுசாகத் திரும்பி வந்தார், கல்யாணம் செய்தார், கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டம் போட்டு நெடுநாள் இருந்தார். ஆனால் மாசி மாதம் அவர் புறப்பட்ட காலையில் அது எங்களுக்குத் தெரியாது. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் மதுரைக் கரிபஸ் ரோட்டோரத்தில் நின்று, கிளறிய அடுப்பிலிருந்து புகைவிட்டுக்கொண்டிருந்தது. பத்து மணி வெயிலில் அம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர் இளவட்டங்களை முழங்க வைத்தவரின் கை விடாமல் நடுங்கியது.

"குளிருதா மாமா?" என்று கேட்டேன்.

"ஆமாத்தா" என்றார்.

நான் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிப்போய், கொடியில் கிடந்த போர்வையை உருவிக்கொண்டு வந்து கொடுத்தேன். அந்த வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டே மாமா பஸ் ஏறினார். சமயத்துக்கு ஓடினேனே என்று எனக்கு அன்று முழுவதும் பெருமையாக இருந்தது.