சத்தம் போடாத மோட்டார்

போன வாரம் ஒரு மத்தியானம் என் மகனுக்கு மூச்சு இழுத்தது. பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆட்டோவில் அவனை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகத்தில் மூடியை மாட்டி, மருந்தைப் புகையாக்கித் தரும் சின்ன மெஷினைப் போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்; மழையில் விளையாட விடவில்லை என்று என்னோடு சண்டை போடுகிறான். எனக்குத்தான் கண்ணை மூடினால் அந்த மெஷினின் உறுமல் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் அது மாறி, நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் இருந்த வாக்குவம் க்ளீனரின் சத்தமாகிவிடுகிறது.

அப்போது ஒரு தீவில், மரைன் ஹில் என்ற மலைச் சரிவில் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். ஜன்னலில் துறைமுகம் தெரியும். மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள், கப்பலில் ஏற்ற மனமில்லாத சாமான்களை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். அதனால் அங்கே எல்லார் வீட்டிலும் வேறு யாருடைய பீரோவாவது இருக்கும். எங்கள் கட்டில் ஒரு வங்காள இன்ஜினியருடையது. என் தங்கைக்கு இழுப்பு இருப்பதைப் பார்த்து, அவர் மனைவி கிளம்பும்போது அந்த வாக்குவம் க்ளீனரையும் கொடுத்துவிட்டுப் போனார். தங்கைக்குத் தூசியே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குண்டான தகர உடம்பு, அடியில் சக்கரங்கள், முன்னால் நீளக் குழாய். மாமா அதைப் பார்த்ததும் ஹாத்தி என்று பெயர் வைத்துவிட்டார். மாமாவுக்குக் கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் ஹிந்திதான். யானை மட்டும் தமிழில் வருமா?

தினமும் விளக்கு வைப்பதற்கு முன் அம்மா ஹாத்தியை இழுத்துக்கொண்டு வருவாள். உள்ளறையில் தங்கை தலையணைகளை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருப்பாள். படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். முன்னறையில் ஹாத்தி அலறும். பேரிங் தேய்ந்துபோன பழைய மோட்டார். கப்பலின் ஊதலும் மரம் அறுக்கும் வாளும் ஒன்றாகக் கலந்த மாதிரி ஒரு குரல். நான் சிமெண்டுத் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வேன். தரை நடுங்கும். வீடே கரையை விட்டு மெல்ல நகரும். ஜன்னலில் துறைமுக விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். அந்தச் சின்ன அறையை அம்மா ஏன் அவ்வளவு நேரம் சுத்தம் செய்தாள் என்று நான் யோசித்ததில்லை. சில நாள் குழாயை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். அவளும் என்னோடு கப்பலில் வருகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஹாத்தியின் வயிற்றில் தூசி சேர ஒரு துணிப்பை இருந்தது. உதறினால் போதும் என்று இன்ஜினியர் மனைவி சொல்லித்தான் கொடுத்தார். அம்மாவுக்கு உதறுவதெல்லாம் சுத்தத்தில் சேராது. சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டாள். எங்கள் ஊர் மழைக்காலத்தில் கைக்குட்டை காய்வதே பெரிய விஷயம். பையை அடுப்புக்கு மேலே காட்டிக் காட்டி, தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கவும் எடுத்து மாட்டிவிட்டாள். உள்ளே இருந்த ஈரத்தில் தூசி சேறாக அப்பிக்கொண்டது. காற்று போக வழியில்லாமல் மோட்டார் சூடேறி, பொரிந்து, கருகல் வாடையோடு நின்றது.

"அய்யய்யோ, கொன்னுட்டேனே!" என்றாள் அம்மா.

அப்போதுதான் அது கேட்டது. உள்ளறையில், எண்ணெய் காணாத கதவை யாரோ மெல்லத் திறந்து மெல்லச் சாத்துவது போல, தங்கையின் நெஞ்சு.

எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாள் ஹாத்திதான் அவளுக்காகவும் சேர்த்து மூச்சு இழுத்திருக்கிறது. ஹாத்தி நின்றுவிட்டது. இனி அவளும் நின்றுவிடுவாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உடனே நடந்துவிடும் என்று பயம்.

எங்கள் ஊர் அபர்டீன் பஜாரில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிறவர் அதை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "ஃபேன்னா கட்டித் தந்துருவேன் சார். இதுல மிச்சம் எதுவுமே இல்ல. மெயின்லேண்ட்லேருந்துதான் வரணும்." மாமா மெட்ராஸ் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தார். அளவு பார்த்து வாங்கிவரச் சொல்லி, கருகிய மோட்டாரைத் துண்டில் சுற்றி அப்பா அவரிடம் கொடுத்தனுப்பினார்.

கடல் மோசமாக இருந்ததால் கப்பல் வருவது தள்ளிக்கொண்டே போனது. அந்த நாட்களில் வீட்டில் எல்லாரும் கொஞ்சம் விநோதமாகிவிட்டார்கள். அம்மா அரைத்த சட்னியையே மறுபடி மிக்ஸியில் போட்டு ஓட்டினாள். அப்பா, மழை தகரக் கூரையில் கொட்டும்போது உள்ளே வந்து உட்காருவார். மழை விட்டதும் எழுந்து வெளியே போய்ப் படியில் நிற்பார். நான் தங்கையின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, மூச்சுப் பிடித்தவரை ஹாத்தியைப் போல முழங்கினேன்.

"அம்மா, இவளை நிறுத்தச் சொல்லு. காது வலிக்குது."

மற்ற நாளாக இருந்தால் எனக்கு முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அம்மா கதவோரம் நின்றபடி, "இருக்கட்டும்டி, அவ பாட்டுக்குப் பண்ணிட்டுப் போறா" என்றாள்.

ஒரு வழியாகக் கப்பல் வந்தது. மாமா கையில் பிரஷர் குக்கரோடு படியேறினார்.

"என்னடா, சோறு கட்டிட்டு வந்தியா?"

"ஹாத்திக்குப் புது தில், புது இதயம் கொண்டாந்துருக்கேன் அக்கா. டென்ஷன் வேணாம், அவ்ளோதான், முடிஞ்சுது!"

உப்புக் காற்று படக்கூடாதென்று மோட்டாரைக் குக்கருக்குள் வைத்து, சுற்றிலும் அரிசியைக் கொட்டி மூடிக் கொண்டுவந்திருந்தார். ஹாத்தியைக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி, புது மோட்டாரை உட்கார வைத்தார். நான் வேண்டாத சாமியில்லை. மாமா சுவிட்சைப் போட்டார்.

சூடான டீயை யாரோ ஊதுவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"பாத்தீங்களா! பக்கத்துலயே பிள்ளை தூங்கலாம்" என்று மாமா எங்கள் முகங்களைப் பார்த்தார்.

ஹாத்தி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போதே, தங்கையின் நெஞ்சில் அந்தக் கதவு திறந்து சாத்திக்கொள்வது கேட்டது. ஹாத்திக்கு உயிர் வந்துவிட்டதே, பிறகும் ஏன் இவள் மூச்சு இப்படி?

அம்மா குழாயைக் கையில் எடுக்கவே இல்லை. "சத்தமே வரலியேடா" என்றாள்.

"சத்தம் வந்தா அது கெட்ட மோட்டார் அக்கா."

"பழசையே சரி பண்ண முடியாதா?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கி, ஸ்குரூ டிரைவரை எடுத்து மூடியைத் திறந்து, மோட்டாருக்கு அடியில் மெத்தை போல இருந்த கறுப்பு ரப்பர் வளையத்தை உருவினார்.

"மச்சான், என்ன பண்றீங்க? அது அதிராம இருக்கப் போட்டது. அதை எடுத்தா தகரம் பூரா ஆடும்!"

"ஆடட்டும் மாப்ள."

ஆடியது. பழைய ஹாத்தியே தோற்றுப்போகும் அலறல். அம்மா குழாயை எடுத்துக்கொண்டாள். தரை நடுங்கியது, வீடு நகர்ந்தது. அப்பா வெளியே போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். புதுசாக வந்ததை அப்பா கெடுத்துவிட்டார் என்று நான் அழுதேன். அழுது முடித்ததும் அந்த ரப்பர் வளையத்தை எடுத்து வளையலாக மாட்டிக்கொண்டேன். "புது மோட்டாரைக் காசு செலவில்லாமப் பழசாக்கின ஆளு எங்க மச்சான்" என்று மாமா கடைசிவரை சொல்லிச் சிரித்தார்.

தங்கைக்கு வளர வளர இழுப்பு விட்டுப்போனது. இப்போது சென்னையில் இருக்கிறாள். போன வாரம் போனில் நான் அழுதபோது, "நானே குத்துக்கல்லாட்டம் இருக்கேன், அவனுக்கு என்னக்கா வந்துரும்?" என்று அதட்டினாள்.

அவளிடம் ஒன்றைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்ததும் நர்ஸ் மெஷினை அணைத்தார். அறை சட்டென்று அமைதியானது. என் மகனின் நெஞ்சில் அந்தக் கதவு மெல்லத் திறந்தது, மெல்லச் சாத்திக்கொண்டது.

"சிஸ்டர், இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே."

"மருந்து முடிஞ்சிருச்சு மேடம். சும்மா சத்தம்தான் வரும்."

"வரட்டும்" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார். மேஜை அதிர்ந்தது. நான் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். கறுப்பு வளையலை மாட்டிக்கொண்டு அப்பாவோடு பேசாமல் திரிந்த அந்தச் சிறுமிக்கு, ஹாத்தி எதற்காக அலறியது என்று தெரியாது. தன் பிள்ளையின் மூச்சுச் சத்தம் காதில் விழாமல், ஒரு நாளில் கொஞ்ச நேரம் நிற்பதற்கு அம்மாவுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.