சோப்புத் தரையில் ஒரு ஷூ பரீட்சை

இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். மெஷினிலிருந்து துணியை இறக்கும் இடத்தில் தரை காய்ந்தே நான் பார்த்ததில்லை. தண்ணீர்கூடப் பரவாயில்லை, சோப்பு சிந்திவிட்டால் நிற்கவே முடியாது. எல்லோரும் வெறுங்காலோடு, விரல்களை ஊன்றித்தான் நடப்பார்கள். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து பட்டறையைப் பார்க்க வந்தவர்கள் இதைக் கண்டு மிரண்டுபோய், அத்தனை பேருக்கும் சேஃப்டி ஷூ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஷூ வியாபாரி வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"எந்தத் தரையா இருந்தாலும் புடிச்சு நிக்குமுங்க" என்று சொல்லி, ஒரு ஜோடியைத் தானே மாட்டிக்கொண்டார். குடோனின் சிமெண்ட் தரையில் கம்பீரமாக நடந்தார். லேப் டைல்ஸில் குதித்தே காட்டினார்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் துணி பிரிக்கும் வேலை பார்த்த அக்கா ஒருத்தர், "உள்ள வந்து நடங்க அண்ணாச்சி, அப்பதான தெரியும்" என்றார்.

வந்தார். இரண்டடிகூட வைத்திருக்க மாட்டார். கால் இழுத்துக்கொண்டு போக, கைகளை விரித்தபடி சறுக்கிப் போய், அலசாத சிவப்புத் துணி குவிந்திருந்த டிராலிக்குள் விழுந்தார்.

"அடி பட்டுருச்சுங்களா?" என்று ஓடினேன். எழுந்தவரின் சட்டை முழுக்க ரோஸ் நிறம். அவர் சட்டையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார்.

"உங்க சாயம் நல்லாப் புடிக்குதுங்க. என்ற ஷூதான் புடிக்கல."

பட்டறையே அதிரச் சிரித்தோம். மாற்றிக்கொள்ள ஒரு பனியன் கொடுத்தேன். ஷூவைக் கவிழ்த்துக் காட்டினார். கெட்டியான அடிப்பாகம், ஆழமில்லாத வரிகளில் சோப்பு அப்பி, வழவழவென்று ஆகியிருந்தது.

அடுத்த வாரம் ஒரு மூட்டை ஷூவோடு மறுபடி வந்தார். சாப்பாட்டு நேரத்தில் நானும் அந்த அக்காவும் ஒவ்வொன்றாக மாட்டிச் சோப்புத் தண்ணீரில் நடந்து பார்த்தோம். அவர் மட்டும் வாசல் கம்பியை விடவே இல்லை. கடைசியில் மெத்தென்ற ரப்பரில் ஆழமாக வரி வெட்டிய ஒன்று நின்றது. அக்கா அதைப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்து, சட்டென்று நின்று, திரும்பியும் வந்தார். அதையே வாங்கினோம்.

ஷூக்கள் வந்த அன்று, ஷிப்ட் முடிந்தும் அக்கா கழற்றவில்லை. சேலைக்குக் கீழே அந்தப் பெரிய கறுப்பு ஷூவோடு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

"இங்கயே வெச்சுட்டுப் போலாமுங்க அக்கா" என்றேன்.

"வீட்ல புள்ளைங்க இதப் பாக்கணும்லா!" என்று கையாட்டிவிட்டு, டக் டக்கென்று நடந்து போனார்.