சாப்பிட்டாளா என்று கேட்டால்

1. மார்க்கரில் எழுதிய பெயர்

கோவிட் வார்டுக்குள் முதன்முதலாகப் போன நாளில் என் நெஞ்சில் கறுப்பு மார்க்கரால் பெயர் எழுதினார்கள். பிபிஇ உடுப்பைப் போட்டுவிட்டால் டாக்டர் யார், நர்ஸ் யார், தரை துடைப்பவர் யார் என்று தெரியாது. அதனால் பெயரும், அதற்குக் கீழே வேலையும் எழுதுவார்கள். என் பெயருக்குக் கீழே 'கவுன்சிலர்' என்று இருந்தது. அதைப் படித்த ஒரு பெரியவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, "எந்த வார்டு கவுன்சிலர்மா நீ? எங்க தெருவுல தண்ணியே வர்ல" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்தார்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அதற்கு முன்பும் அங்கேதான் வேலை பார்த்தேன். கம்பெனிகளில் கை நசுங்கி, விரல் போய் வருகிற பையன்களோடும் அவர்களின் குடும்பத்தோடும் பேசுவது என் வேலை. ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு நாற்காலியும், அழுகிறவர்களுக்கு ஒரு டிஷ்யூ பெட்டியும் இருந்தன. கோவிட் வந்தபோது அந்த நாற்காலியை எடுத்துவிட்டு, கையில் ஒரு டேப்லெட் கணினி கொடுத்தார்கள். உறவினர்கள் உள்ளே வர முடியாது. வெளியே தகரப் பந்தலில் நிற்பார்கள். அவர்கள் சொல்வதை உள்ளேயும், உள்ளே சொல்வதை வெளியேயும் கொண்டுபோக வேண்டும். வீடியோ கால் போட்டுத் தர வேண்டும். சார்ஜரைத் தேடித் தர வேண்டும். பல் செட்டைக்கூட ஒரு தடவை தேடியிருக்கிறேன்.

எங்கள் மேனேஜர் கெட்டவர் அல்ல. அவரும் வீட்டுக்குப் போகாமல் ஆபீஸிலேயே படுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு ஒன்றுதான் சொன்னார்.

"மேடம், உள்ள பாசிட்டிவ்வா மட்டும் பேசுங்க. பேஷண்ட் பயந்துட்டா ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் எறங்குது. நெகட்டிவ்வா ஒரு வார்த்தை போகக் கூடாது."

எல்லோருக்கும் பாசிட்டிவ் வந்துதான் உள்ளே படுத்திருக்கிறார்கள், இதில் நான் வேறு பாசிட்டிவ்வாகப் பேச வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்கு அப்போது தெரியவில்லை. பயந்தால் மூச்சு வாங்கும் என்பது உண்மைதானே.

2. ஏழுமலையும் தேவகியும்

இரண்டாவது அலையில் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஒரே ஆம்புலன்ஸில் வந்தார்கள். ஏழுமலை, வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. தேவகி வீட்டோடு இருப்பவர், சர்க்கரை உண்டு. ஏழுமலையை ஆண்கள் வார்டிலும், தேவகியை இன்னொரு மாடியில் ஐசியூவிலும் போட்டார்கள். படப்பையில் குடியிருந்த மகன் பிரபு பந்தலில் நின்றான்.

ஏழுமலை என்னைப் பார்த்தவுடன் கேட்பது ஒரே கேள்விதான்.

"எம் பொண்டாட்டி எப்டி கீறா? சாப்டாளா?"

முதலில் அது சாதாரணக் கேள்வி என்றுதான் நினைத்தேன். பிறகு பேசப் பேசத் தெரிந்தது. ஊரில் காய்ச்சல் பரவியபோது தேவகி அவரை டூட்டிக்குப் போக வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். கேட்டில் ஆள் குறைவு என்று இவர் டபுள் டூட்டி பார்த்திருக்கிறார். இவருக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது.

"நான்தாம்மா காச்சல கொணாந்து குடுத்தேன் அவளுக்கு. ஆம்புலன்ஸ் வண்டில வரசொல்லோ வழி முச்சூடும் ஒரு வார்த்த பேசல எங்கிட்ட. மூஞ்ச அந்தாண்ட திருப்பிகினா."

"மூச்சு முட்டியிருக்கும் ஐயா, அதான் பேசியிருக்க மாட்டாங்க" என்றேன்.

"உனக்குத் தெரியாதும்மா அவள."

ஐசியூவில் ஸ்டெல்லா என்று ஒரு நர்ஸ் இருந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். தேவகி சாப்பிடுகிறாரா என்று அவளிடம் கேட்டேன்.

"எங்க சாப்பிடுதாங்கக்கா, ஒரு வாய்கூட எறங்கல்ல. மாஸ்க்க எடுத்தாலே மூச்சு கெடந்து வாங்குது."

பந்தலில் பிரபுவிடம் அதைச் சொன்னேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, அப்பாகிட்ட இத சொல்லாதீங்க. அவரு தாங்க மாட்டாரு. நல்லா கீறாங்க, சாப்டாங்கன்னு சொல்லிடுங்க."

மேனேஜர் சொன்னதும் அதுதான், மகன் கேட்டதும் அதுதான். நான் ஆண்கள் வார்டுக்குப் போய், "ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க ஐயா" என்றேன். ஏழுமலையின் முகம் தெளிந்தது. அன்று அவரும் சாப்பிட்டார். மறுநாளும் அப்படியே சொன்னேன். நன்றாக வேலை செய்கிற ஒரு மருந்தைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது எனக்கு.

3. போன்

தேவகிக்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பைபேப் மாஸ்க் வைத்தும் ஆக்ஸிஜன் அளவு நிற்கவில்லை. அடுத்தது வென்டிலேட்டர்தான் என்று டாக்டர் சொன்னார். ஏழுமலையை வீல்சேரில் வைத்து மேலே கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "சிலிண்டர் இருந்தா நானே தள்ளிக்கிட்டுப் போவேன். எங்க இருக்கு, சொல்லுங்க" என்றார் டாக்டர். அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

அதனால் போன் போட்டுக் கொடுத்தேன். வீடியோ வேண்டாம் என்று ஏழுமலையே சொல்லிவிட்டார். "அவ என்னப் பாக்க வேணாம்" என்றார். ஆண்கள் வார்டில் ஒரு அட்டெண்டர் அவர் காதில் போனை வைத்தான். மேலே நான் தேவகியின் தலைமாட்டில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லா எதிர்ப்பக்கம் நின்றாள்.

"தேவகி... நான்தான்."

பைபேப் மெஷின் மட்டும் புஸ் புஸ் என்று இரைந்தது.

"பிரபு நல்லா கீறான். நான் பாத்ரூம் வரிக்கும் நடந்தே போறேன் இப்ப. நீ இன்னா, பேச மாட்டியா?"

"மாஸ்க் போட்டிருக்கு ஐயா, அவங்களால பேச முடியாது. ஆனா கேக்குது. கண்ணத் தொறந்து பாக்குறாங்க" என்றேன்.

அவர் இருமுவது ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு, "எம்மேல கோவமான்னு கேளும்மா" என்றார்.

குனிந்து கேட்டேன். "அம்மா, அவர் மேல கோவமா இருக்கீங்களான்னு கேக்குறாரு."

தேவகி என்னைப் பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார். மாஸ்க்கின் வார் இறுக்கிப் பிடித்திருந்ததால் லேசாகத்தான் அசைந்தது. ஆனால் அசைந்தது. ஸ்டெல்லா பிபிஇ கண்ணாடிக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

"இல்லைன்னு தலையாட்டுறாங்க ஐயா."

அந்தப் பக்கம் அவர் அழுவது கேட்டது. பிறகு அட்டெண்டர் போனை வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் வென்டிலேட்டரில் போட்டார்கள். மறுநாள் தேவகி இறந்துவிட்டார். மகன் கேட்டுக்கொண்டபடி, ஏழுமலைக்கு யாரும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போலக் கேட்டார். "டாக்டர் பாத்துக்கிறாங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். டிஸ்சார்ஜ் ஆகி, காரில் ஏறிய பிறகுதான் பிரபு அவரிடம் சொன்னான். காரியமெல்லாம் அதற்குள் முடிந்திருந்தது.

4. செக்கப்புக்கு வந்தபோது

அலை ஓய்ந்து, என் நாற்காலியும் திரும்பி வந்தது. ஒரு நாள் நெஞ்சு செக்கப்புக்கு வந்த ஏழுமலை என் அறைக்கு வந்தார். இளைத்திருந்தார். செக்யூரிட்டி வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காத சொல்லு."

"கேளுங்க ஐயா."

"அன்னிக்கு போன்ல, கோவமான்னு கேட்டேனே. அவ இல்லன்னு தலையாட்டினான்னு சொன்ன. நெசமாவே ஆட்டினாளா?"

"ஆட்டினாங்க ஐயா. நான் பக்கத்துல நின்னு என் கண்ணால பார்த்தேன்."

அவர் கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"ரெண்டு இட்லி துன்னான்னு கூடத்தான் சொன்ன."

நான் மேஜையில் இருந்த டிஷ்யூ பெட்டியை ஓரமாக நகர்த்தினேன். அவரே தொடர்ந்தார். "பிரபு எல்லாத்தயும் சொல்ட்டான். உம்மேல வருத்தம் இல்லம்மா. என் நல்லதுக்குத்தான் சொன்ன. அதான் கேக்குறேன். இதுவும் அப்டி சொன்னதான்னு."

ஸ்டெல்லா அப்போது வேலைக்கு வெளிநாடு போயிருந்தாள். அவர் முன்னாலேயே அவளுக்கு போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். "ஆமா ஐயா, நானும் பாத்தேன். தலைய ஆட்டினாங்க" என்று அவளும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "சரிம்மா, நல்லா இரு" என்று அவளை வாழ்த்தினார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"நம்புறீங்களா ஐயா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க ரெண்டு பேருமே நல்ல பொண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பிறகு பிரபுவைப் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பேன். அப்பா இன்னும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பான். அந்தத் தலையசைப்பு நடந்தது. அந்த மனுஷனுக்குத் தேவைப்பட்டதெல்லாம் அது ஒன்றுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னால் அவருக்குக் கொடுக்க முடியவில்லை.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

மேனேஜரிடம் ஒரு முறை இதைச் சொன்னேன். "அந்த நேரத்துல வேற என்ன பண்ணியிருக்க முடியும் மேடம்?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று இட்லி என்று சொன்னதால்தான் ஏழுமலை சாப்பிட்டார், சாப்பிட்டதால்தான் பிழைத்தார் என்றுகூட ஒருவர் வாதாடலாம். பிழைத்தவர் எப்படி இருக்கிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

இப்போது என் கீழே வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் தியரி அதிகம் பேசுவதில்லை. சாப்பிட்டாளா என்று ஒருவர் கேட்டால், சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்று சொல்லுங்கள் என்பேன். அவர் அழுவார். மூச்சு வாங்கும். மெஷின் கத்தும், நர்ஸ் உங்களை முறைப்பாள். அழட்டும். நீங்கள் எழுந்து போகாமல் பக்கத்தில் உட்காருங்கள். நாளைக்கு அவரிடம் நல்லதாக ஒன்றைச் சொல்ல வேண்டி வரலாம். அன்றைக்கு அவர் உங்களை நம்ப வேண்டும்.