பனியாஸ் வீட்டுக் கேரவன்

விரலால் அழுத்தியதும் கூரைப் பலகை உள்ளே போனது. ஊறிய குபூஸ் ரொட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. கையை எடுத்தேன். பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வடிந்தது. முந்தின நாள் அண்ணன் குழாய்த் தண்ணீர் அடித்துப் பார்த்திருந்தார். அந்த ஈரம் இன்னும் உள்ளே நின்றது. வாசலில் நின்ற அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேறுமா தம்பி?" என்றார். பெண்களிடம் பேசிப் பழக்கமில்லாத நான் கூரையைப் பார்த்தபடியே "பாக்கலாங்க்கா" என்றேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நான் வளைகுடாவில், முசஃபா என்ற ஊரில் ஒரு பட்டறையில் இருந்தேன். குளிர்காலத்தில் அரபிக் குடும்பங்கள் பாலைவனத்துக்குப் போய்த் தங்குவார்கள். அதற்கு வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் கேரவன்கள் எங்களிடம் பழுதுக்கு வரும். அண்ணன், பனியாஸில் ஒரு அரபி வீட்டு டிரைவர். வண்டி வேலைக்கு வந்தவர் என் பேச்சைக் கேட்டு, "புதுக்கோட்டைப் பக்கமா?" என்று நின்றுவிட்டார். அவர் மனைவிதான் அக்கா. அதே வீட்டில் சமையல். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வேலை செய்தார்கள் என்றாலும் அண்ணனுக்குப் படுக்கை கேட் பக்கத்து அறையில், தோட்டக்காரரோடு. அக்காவுக்கு அடுப்படிக்குப் பின்னால், மற்ற இரண்டு வேலைக்காரப் பெண்களோடு. பகலில் அடுப்படிக் கதவருகே சாப்பாட்டுத் தட்டு கைமாறும் நேரம்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசவேண்டியதையெல்லாம் அந்தத் தட்டு கைமாறுவதற்குள் பேசி முடிக்கவேண்டும்.

வீட்டு எஜமானியை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே அம்மாவை அப்படித்தான் சொல்வார்கள். பின்கட்டில் வருஷக்கணக்காக நின்ற பழைய கேரவனைக் காட்டி, ஒழுகாமல் செய்துகொண்டால் நீங்கள் இரண்டு பேரும் அதில் இருந்துகொள்ளுங்கள் என்று மாமா சொல்லியிருந்தார். மழைக்கு ஊறி நாற்றம் எடுத்தால் மட்டும் பழைய இரும்புக்காரனிடம் போய்விடும். கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே மழை வந்தால் அந்த நாட்களில்தான் வரும். அண்ணன் ஒரு நாளைக்கு இரண்டு முறை போன் செய்வார். "என்ன தம்பி, இந்த வெள்ளிக்கிழமை வந்துருவேல்ல?"

வெள்ளிக்கிழமைதோறும் போனேன். கூரையில் ஏறிப் பார்த்தால் சிலிகான் பசை மேல் பசையாக அண்ணனே அப்பி வைத்திருந்தார். வெயிலில் அதெல்லாம் சுண்ணாம்பாகியிருந்தது, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. உள்ளேயும் பூசியிருந்தார். அதுதான் பெரிய கெடுதல். வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் பலகைக்குள் தங்கிவிட்டது. டப்பாவில் எழுதியிருப்பது எனக்குப் படிக்க வராது, தொட்டுப் பார்த்துத்தான் சரக்கைத் தெரிந்துகொள்வேன். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன், ஊறிய பலகையை மாற்றினேன், ஓரத்து அலுமினியப் பட்டியைக் கழற்றித் துருப்பிடித்த திருகாணிகளை மாற்றினேன். குழாய்த் தண்ணீர் அடித்தால் மறுபடியும் கட்டிலுக்கு மேல் சொட்டும். கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒரு கீறல்கூட இல்லை. முசஃபாவுக்குத் திரும்பிய பிறகும் வாரம் முழுக்க அந்தக் கூரைதான் கண்ணில் நிற்கும். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். ரூமில் இருந்தவர்கள், ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

வழி கண்டுபிடித்தது அக்காதான். ஒரு வெள்ளிக்கிழமை வாளி நிறைய மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தார். "மொத்தமா அடிச்சா எது எங்க வருதுன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொரு இடமா ஊத்து." அண்ணன் சிரித்தார். "கேரவனுக்கு மஞ்சநீராட்டா? பத்திரிகை அடிச்சிருக்கலாமே." "ஒங்க சிலிகான் லட்சணத்துக்கு இது போதும்" என்று அக்கா கட்டிலில் வெள்ளைத் துணியை விரித்துவிட்டு அண்ணாந்து நின்றார். நான் ஒவ்வொரு இணைப்பாக ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். முன்பக்கக் காற்றுத் திறப்பின் விளிம்பில் ஊற்றி வெகுநேரம் கழித்து, வண்டியின் மறுகோடியில், துணியில் மஞ்சள் சொட்டு விழுந்தது. முன்னால் நுழைந்த தண்ணீர் கூரைக்குள் இருந்த மரச்சட்டம் வழியாக ஓடிப் பின்னால் இறங்கியிருந்தது. அன்றே திறப்பைக் கழற்றிப் புது ரப்பர் வைத்து மூடினேன். மறுபடி எவ்வளவு ஊற்றியும் துணி நனையவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடித்து முடிக்கும்வரைகூட இல்லை. மாமாவின் பெரிய மகன் வந்தார். இருபது வயது தாண்டிய பையன். ஒழுகுகிறது என்று கேரவனை ஒதுக்கிப் போட்டவரே அவர்தான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் இந்தியில், "சரியாகிவிட்டதா? அப்படியென்றால் இந்தக் குளிருக்கு நண்பர்களோடு எடுத்துப்போகிறேன். முதல் மழை வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மாமா பார்த்தால் ஒழுகக் கூடாது, மகன் பார்த்தால் ஒழுக வேண்டும்.

அக்கா உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார். பிறகு முன்பக்கம் மேசையருகே இருந்த நீள இருக்கையைக் காட்டினார். "தம்பி, இங்க மட்டும் ஒரு சொட்டு வர்ற மாதிரி விடு. மகன் வந்தா இதுலதான் ஒக்காருவாக."

"மாமாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் டிக்கெட்தான், ஊருக்கு" என்றார் அண்ணன்.

"என்ன தெரியும்? மழை பெய்யுது, ஒழுகுது. நாமளா பெய்ய வச்சோம்?"

"மாமாவும் வந்து பாத்தா?"

"மாமா வாசலத் தாண்டி வராது. மூக்கத்தான் நீட்டும். அதனால பலகை நனையக் கூடாது தம்பி, வாடை வரும். சொட்டு மட்டும் விழணும்."

ஒழுகலை அடைப்பதுதான் என் வேலை. ஒழுகலை அளந்து வைப்பது எனக்குப் புதிது. இருக்கைக்கு மேலே ஒரு திருகாணியைக் கழற்றினேன். பால்பாயிண்ட் பேனாவின் குழாயில் ஒரு துண்டு நறுக்கி அந்தத் துளையில் இறக்கி, உள்பக்கம் பலகை இணைப்பில் மறையும்படி வைத்து, சுற்றிலும் மரம் நனையாதபடி பூசினேன். அண்ணன் மேலே தண்ணீர் விட்டார். கீழே அக்கா உள்ளங்கையை ஏந்தி நின்றார். இரண்டு மூன்று சொட்டு விழுந்ததும், "போதும், இது நல்லாருக்கு" என்றார். ஏதோ உப்புப் பார்த்துச் சொல்வது போல இருந்தது.

மழை ஒரு வெள்ளிக்கிழமையிலேயே வந்தது. பஸ் இறங்கி நனைந்துகொண்டே ஓடினேன். நான் உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் பெரிய மகன் வந்து அந்த இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார். சொட்டு வரவில்லை. துளையில் தூசி அடைத்திருக்குமோ என்று நினைத்தேன். அக்கா கதவோரம் நின்று தரையைப் பார்த்தார். அண்ணன் தேவையில்லாமல் துடைத்த மேசையையே துடைத்தார். மகன் எழுந்திருக்கப் போகும்போது, அந்த வெள்ளைக் கந்தூரா அங்கியின் தோளில் சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் இன்னொன்று. என் பக்கம் திரும்பி, "யஹி காம் கியா? இத்தனை நாள் இதைத்தான் செய்தாயா?" என்றார். வேலை தெரியாதவன் என்று அதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை. காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். எப்போதும் குனிகிற தலைதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "கலாஸ், போதும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று மழைக்குள் இறங்கிப் போனார். பின்னாலேயே மாமா குடையோடு வந்து வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். வாடை இல்லாததால் திரும்பிப் போனார்.

அக்கா விளக்கைப் போட்டார். அண்ணன் வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்பு மழையில் நனைந்துகொண்டிருந்தது. அதை எடுத்து உதறி, கதவுக்கு உள்ளே வைத்தார்.

அடுத்த வருஷம் என்னைப் புஜைராவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மழை வரும்போதெல்லாம் போன் செய்து கேட்பேன். "அதே எடந்தான் தம்பி, ஒரு விரக்கடை தள்ளி விழல" என்பார் அக்கா. பிறகு நம்பர் மாறியது, தொடர்பு போயிற்று. இப்போதும் எனக்கு மழையைவிட வெயில்தான் பயம். அந்த ஊர் வெயிலில் எந்தப் பூச்சும் சில வருஷத்துக்கு மேல் நிற்காது. அந்தப் பேனாக் குழாயைச் சுற்றிய பூச்சு வெடித்தால் பலகை ஊறும், பலகை ஊறினால் வாடை வரும். மே மாதம் வந்துவிட்டால் சும்மா இருக்க முடியவில்லை. யாராவது மேலே ஏறி, அதை மட்டும் ஒரு தடவை சுரண்டிப் புதிதாகப் பூசிவிட்டால் தேவலை.