மங்காத செவ்வந்தி

என் சமையலறை அலமாரியில் ஒரு ஜாம் போத்தல் நிறையக் காய்ந்த செவ்வந்திப் பூ இருக்கிறது. ஆறு வருடமாகிறது, ஓர் இதழ்கூட நிறம் மங்கவில்லை. அதே ஆறு வருடத்தில் நான் தலைமயிரில் பாதியையும் முன்பல் ஒன்றையும் இழந்திருக்கிறேன். முதுமையைத் தள்ளிப்போடும் பூ என்று அதன் பொட்டலத்தில் எழுதியவன் நான்தான். பூ தன்னளவில் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறது.

அப்போது, புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு சின்னக் கூடத்தில் எனக்கு வேலை. சீன வைத்தியத்தில் கண்ணெரிச்சலுக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிற பூக்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, ‘ஆன்டிஆக்சிடன்ட் தேநீர்’ என்று பொட்டலம் போட்டுத் தமிழ்ச் சனத்துக்கு விற்றோம். முதலாளி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நாலு புத்தகம் வாசித்த ஆள் என்று வாசகம் எழுத என்னை வைத்திருந்தார். அந்த நாலு புத்தகத்திலும் பூவைப் பற்றி ஒரு வரி கிடையாது. அது எழுதுவதற்குத் தடையாக இருக்கவில்லை.

பூவைப் பார்த்து எடுப்பவர் மாஸ்டர். ஊரில் இரசாயனம் படிப்பித்தவர். அறுபது தாண்டியவருக்கு வேறெவரும் வேலை கொடுக்காததால் இங்கே வந்து சேர்ந்தவர். புதுப் பெட்டி உடைத்தால் முதலில் ஒரு பிடி பூவைச் சுடுநீரில் போட்டு, கோப்பையை எங்கள் மூக்கின் கீழ் நீட்டுவார். முதலாளியும் நானும் அவருமாக மூன்று மூக்கும் சம்மதித்தால்தான் பொட்டலம். என் வாசகங்களைப் பென்சிலால் வெட்டுவார். “ஆன்டிஆக்சிடன்ட் எண்டால் இரும்புக்குப் பெயின்ற் மாதிரி, தம்பி. துரு பிடிக்காமல், தான் முன்னுக்கு நிண்டு அடி வாங்கும். நீர் எழுதுற அமிர்தம் இல்லை.”

அவர் எடுத்த பூ மங்கல் பழுப்பு. செத்த பூவை விற்கிறீர்கள் என்று வாடிக்கையாளர்கள் முறைப்பட்டார்கள். அதில் பாலும் மூன்று கரண்டி சீனியும் போட்டுக் குடித்தவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள்! முதலாளி வேறிடத்தில் வாங்கினார். வந்த பூ பொன்னாக மின்னியது. மாஸ்டர் சுடுநீர் ஊற்றினார். தீக்குச்சி கிழித்த மணம் எழுந்தது.

“கந்தகப் புகை போட்டிருக்கிறாங்கள். நிறம் நிக்கும், பூவில இருக்கிற நல்லது குறைஞ்சு போகும். ஆஸ்துமாக்காரர் குடிச்சால் இழுக்கும். இதில கை வைக்க என்னால ஏலாது.”

“மாஸ்டருக்கு வயசு போட்டுது, மூக்கும் போட்டுது,” என்று முதலாளி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. மணக்குதெண்டால் பெட்டியைத் திருப்பி அனுப்புறன். இல்லையெண்டால் மாஸ்டர் வீட்டை போகட்டும்.”

கோப்பை என் மூக்கின் கீழ் நின்றது. தொண்டை கரகரத்தது, கண்ணில் நீர் வந்தது. மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. விடை தெரிந்த பிள்ளையிடம் கேள்வி போயிருக்கிறது என்ற நிம்மதியுடன் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தடிமன், மூக்கடைப்பு,” என்றேன்.

ஒரு பொய்யைக்கூட முழுதாகச் சொல்லத் துணிவில்லாதவனின் பொய். மாஸ்டர் கோப்பையைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு வெளியேறினார். அன்று பின்னேரமே ‘இயற்கையின் பொன்’ என்று எழுதினேன். வெட்டப் பென்சில் இல்லை. முதலாளி மகிழ்ந்து ஒரு போத்தல் பூ அன்பளித்தார். என் வீட்டில் எவரையும் அதைத் தொட விடவில்லை. ஊர் குடித்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் அதைக் குடித்த அம்மா ஒருவர் மூச்சு வாங்க இருமினார். ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை. “நல்ல பிள்ளை,” என்றார்.

போன மாதம் தோர்ண்டன் ஹீத் பஸ் தரிப்பில் மாஸ்டரைக் கண்டேன். கையில் மரக்கறிப் பை, கொஞ்சம் கூன். என்னை அடையாளம் காண அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

“என்ன தம்பி, தடிமன் மாறீட்டுதோ?”

“ஓம், மாஸ்டர்.”

“நல்லது. இந்த ஊர்க் குளிருக்குக் கனபேருக்கு மாறுறதேயில்லை,” என்றுவிட்டுப் பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்து முதல் தடவையாகப் போத்தலின் மூடியைத் திறந்தேன். தீக்குச்சி மணம் மண்டைக்குள் ஏறியது. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.