எலிசபெத்தம்மாள் கரைக்கு மாதா நடந்து போன வருஷம்

மதலேனாள் பிறந்தது வடகரை, வாழ்க்கைப்பட்டது தென்கரை. நன்னிலத்துக்குக் கிழக்கே, இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடுவது ஒரே ஆறு. மே மாதத்தில் அதுவும் ஓடாது, வெறும் மணல் கிடக்கும். தென்கரையில் இருப்பது மாதா கோவில். வடகரையில் இருப்பது எலிசபெத்தம்மாள் கோவில். கோவில் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், இருபது பேர் முழங்காலிட்டால் இருபத்தோராவது ஆள் வாசலில் நிற்க வேண்டும்.

மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி, மாதா தன் சொந்தக்காரியான எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போன திருநாள். அன்று தென்கரைக்காரர்கள் மாதா சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி, பதினாறு ஆண்கள் தோள் கொடுத்து, ஆற்று மணலைக் கடந்து வடகரைக்குக் கொண்டுபோவார்கள். அக்கரையில் ஊரிலேயே வயசில் மூத்த பெண் விளக்கோடு நிற்பாள். எலிசபெத்தம்மாள் சொன்ன வார்த்தையை அவள்தான் சொல்லி வரவேற்க வேண்டும். பிறகு மூன்று நாள் மாதா அங்கே விருந்தாளி. வேதத்தில் மூன்று மாதம் தங்கினாள், ஊரில் மூன்று நாள். எத்தனை தலைமுறையாக என்று யாருக்கும் தெரியாது.

மதலேனாளுக்கு அந்த நாள்தான் தாய்வீட்டுக்குப் போகிற நாள். கல்யாணமான வருஷத்திலிருந்து மாதாவுக்குப் பின்னால் நடந்துதான் அவள் பிறந்த ஊருக்குப் போயிருக்கிறாள். புருஷன் செத்த வருஷமும் போனாள். பஸ்ஸில் போகலாமே என்றால், "மாதா நடக்கறா, எனக்கு என்ன பஸ்ஸு?" என்பாள்.

எழுத்துத் தெரியாதவள். நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். இருபது பெண்களை வரப்பில் நிறுத்தி, யார் எந்த மூலையில் நட வேண்டும் என்று ஒரு பார்வையில் பிரித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வாசிக்கிற வேதத்தை அப்படியே காதில் வாங்கிக்கொண்டு, அந்த வாரம் முழுக்க சேற்றில் குனிந்தபடி மற்ற பெண்களுக்குக் கதையாகச் சொல்லுவாள். முப்பது வருஷம் நட்டால் வேதம் எத்தனை தடவை சுற்றி வந்திருக்கும், நீங்களே பாருங்கள். சேற்றில் அவளோடு நட்ட வைரக்கண்ணு மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவள். அவளுக்கே தாவீது ராஜா கதை தலைகீழாகத் தெரியும்.

பிறகு ஊரில் ஆண்கள் குறைய ஆரம்பித்தார்கள். முதலில் சிங்கப்பூர், அப்புறம் துபாய், குவைத், மிச்சம் இருந்தவன் திருப்பூர். மதலேனாளின் ஒரே மகன் ஞானப்பிரகாசம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்குப் போனான். கூரை வீடுகள் காரை வீடுகளாயின. வீட்டுக்கு வீடு டிவி வந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம் திருநாளுக்குச் சப்பரம் தூக்க ஆள் எண்ணிப் பார்த்தால் ஏழு பேர். அதில் இரண்டு பேருக்கு முட்டிவலி.

கோவில் கணக்குப்பிள்ளை இராயப்பன், மதலேனாளுக்குக் கொழுந்தன், புது டிராக்டர் வாங்கியிருந்தார். "எதுக்குக் கவலை? டிரெய்லர்ல ஏத்துவோம். சீரியல் லைட்டு போட்டு, மைக்கு கட்டி, ராணி மாதிரி கொண்டுபோறேன்" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

ஆனால் சுரூபத்தோடு டிராக்டரை மணலில் இறக்கினால் சாய்ந்துவிடாதா? பாலத்தைச் சுற்றி ரோட்டு வழியாகப் போனது. இதை வடகரைக்குச் சொல்லி அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜனங்கள் எல்லாம் வழக்கம்போல ஆற்றில் இறங்கி நடந்தார்கள். அக்கரையில் மதலேனாளின் அண்ணி ஞானாம்பாள், ஊரின் மூத்தவள், விளக்கை ஏந்தி ஆற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜனம் வந்து சேர்ந்தது, மாதாவைக் காணோம். மாதாவோ ஊருக்குப் பின்பக்கமாக வந்து, டீக்கடை ஓரத்தில் டிரெய்லரில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆடு போஸ்டர் தின்றுகொண்டிருந்தது. விளக்கோடு ஓடிப்போவதற்குள் காற்றில் விளக்கு அணைந்தது. வார்த்தை சொல்லாமலேயே சுரூபத்தை இறக்கிக் கோவிலுக்குள் வைத்துவிட்டார்கள்.

மதலேனாள் அந்த மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. "வீட்டுக்கு வந்த மாதாவை வாங்கன்னு கூப்பிடல அண்ணி" என்று ஞானாம்பாளிடம் சொல்லிச் சொல்லி ஆறவில்லை.

அடுத்த வருஷம் மே மாதம் பிறந்தவுடன் கோவிலில் கூட்டம். பங்குச் சாமியார் இளவயசுக்காரர், ஊருக்குப் புதுசு. "தோள் கொடுக்க ஆள் இல்லன்னா டிராக்டர்தான். இந்த வருஷத்தோட அதையே வழக்கமா ஆக்கிடுவோம்" என்றார். இராயப்பன் தலையாட்டினார்.

மதலேனாள் எழுந்து நின்றாள். "சாமி, தாவீது ராஜா ஆண்டவரோட பெட்டியைப் புது வண்டியில ஏத்துனாரே, என்ன ஆச்சு?"

சாமியார் சிரித்துவிட்டார். "மாடு இடறிச்சு. பெட்டி சாயுதேன்னு கை வெச்சவன் செத்தான்."

"அப்புறம் ராஜா என்ன செஞ்சாரு?"

"தோள்ல தூக்கிட்டு வரச் சொன்னாரு."

"ராஜாவுக்கே புத்தி வந்துடுச்சு. நம்ம கணக்குப்பிள்ளைக்கு வரலியே!"

கூட்டம் சிரித்தது. இராயப்பனுக்கு முகம் சிவந்தது. "சரி அண்ணி, தோள் எங்க? நீங்க தூக்குவீங்களா?"

"தூக்குவோம்" என்றாள் மதலேனாள். அந்த நிமிஷம் வரை அவளுக்கே அது தெரியாது. "நடவு ஆளுங்க பதினாறு பேரு தூக்குவோம்."

சாமியார் யோசித்தார். சுரூபம் விழுந்து உடைந்தால் யார் பதில் சொல்வது? கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். வெறும் சப்பரத்தில் நெல்மூட்டை ஏற்றி, கோவிலிலிருந்து ஆற்றங்கரை வரை கீழே வைக்காமல் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முடியாவிட்டால் டிராக்டர்தான், இனி எப்போதும்.

இதற்கு நடுவில் ஞானப்பிரகாசம் லீவில் வந்து இறங்கினான். நல்ல தோள் ஒன்று வந்தது என்று ஊர் சந்தோஷப்பட்டது. அவன் பெட்டியிலிருந்து கறுப்பு அட்டை போட்ட பைபிளை எடுத்து வைத்தான். சிங்கப்பூரில் கூட வேலை செய்கிறவர்களோடு வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறானாம்.

"நான் தூக்க மாட்டேம்மா. நீயும் தூக்காத. சுரூபம் செய்யக்கூடாதுன்னு யாத்திராகமம் இருபதுல இருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படி."

படித்தான்.

"சரி. அதோட மூடாத. இன்னும் கொஞ்சம் தள்ளிப் படி. ஆண்டவரோட பெட்டியைச் செய்யச் சொன்ன இடம்."

அவன் பக்கம் தள்ளித் தேடினான். பொன்னால் இரண்டு கேருபீன்களை, அதாவது சிறகுள்ள வானதூதர்களை, செய்து பெட்டியின் மூடியில் வைக்கச் சொன்ன இடம் வந்தது. படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது.

"அதை யாருடா செய்யச் சொன்னது? எங்க கணக்குப்பிள்ளையா?"

"ஆண்டவர்தான். ஆனா அதை யாரும் கும்பிடலம்மா."

"நான் மட்டும் மரத்தையா கும்பிடறேன்? கும்பிடறது ஆண்டவரை. அவரைப் பெத்தவளுக்குச் செய்யறது மரியாதை. நீ சிங்கப்பூர்ல என் போட்டோவை பர்சுல வெச்சிருக்கியே, அந்தக் காகிதமா ஒனக்கு அம்மா?" அவள் விடவில்லை. "எலிசபெத்தம்மா மாதாவைப் பாத்ததும் என்ன சொன்னா? 'என் ஆண்டவருடைய தாயார் என்னிடம் வர நான் எம்மாத்திரம்'னு சொன்னாளே. யாரு சொல்ல வெச்சது? பரிசுத்த ஆவி. எல்லாத் தலைமுறையும் என்னை பாக்கியவதின்னு சொல்லும்னு மாதாவே சொன்னா. இந்தத் தலைமுறையில நாம சொல்லாம யாரு சொல்லுவா?"

ஞானப்பிரகாசம் பக்கத்தை ஒரு தரம் புரட்டினான். பிறகு, "அப்படியே இருந்தாலும் பெட்டியைத் தூக்கினது ஆண்டவர் ஊழியத்துக்குன்னு இருந்த லேவியருங்க. ஆம்பளைங்க" என்றான்.

"மாதா எலிசபெத்தம்மாவைப் பாக்க மலைநாட்டுக்கு நடந்தப்ப ஆண்டவரு எங்க இருந்தாரு? அவ வயித்துல. எத்தனை ஆம்பள தோள் குடுத்தான்?"

அவன் பைபிளை மூடி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டான். தோற்றுப்போனான் என்று சொல்ல முடியாது, பதில் தேடப் போனான்.

மறுநாள் காலையில் பதினாறு பெண்களும் கோவில் வாசலில் கூடினார்கள். ஒருத்தி குறைந்ததால் வைரக்கண்ணுவும் வந்திருந்தாள். "எங்க ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. பொம்பளைக்குப் பொம்பள ஒத்தாசை" என்றாள். சாமியார் தலையாட்டினார். சப்பரத்துக்கு இரண்டு நீளத் தண்டு, தண்டுக்கு எட்டு ஆள். தோளில் ஏற்றினார்கள்.

ஐம்பது அடி போகவில்லை. நெட்டையான ராசம்மாள் தோளில் பாரம் முழுக்க உட்கார்ந்தது. குட்டையான வைரக்கண்ணுவின் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு கோழி நுழைந்து போகலாம். சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்தது, மூட்டை சரிந்தது, கீழே வைத்துவிட்டார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் இராயப்பன். "வைரக்கண்ணு தொங்கிக்கிட்டு வந்துச்சு அண்ணி, தூக்கிக்கிட்டு வரல!"

பெண்கள் தோளைத் தேய்த்துக்கொண்டார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. மதலேனாள் மட்டும் கீழே கிடந்த தண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ராசம்மாளிடம், "ஏண்டி, அறுப்புல நெல்லுக்கட்டை எதுலடி தூக்கறோம்?" என்று கேட்டாள். "தலையிலதான்க்கா." "அப்ப தோள்ல எதுக்குடி வெச்சோம்? ஆம்பளைங்க வெச்சாங்கன்னா?"

இன்னொரு தடவை பார்க்கட்டும் என்று சாமியார் விட்டார். தோள் ஏறாது, இறங்காது. ஆனால் சும்மாடு ஏறும், இறங்கும். பழைய சேலையைச் சுருட்டித் தலையில் வைத்தால் தீர்ந்தது. மதலேனாள் பெண்களை வரிசையாக நிறுத்தி, நாற்று முடிச்சு விளம்புகிற மாதிரி ஆளுக்கு ஆள் சேலைத் துணியை விளம்பினாள். ராசம்மாளுக்கு ஒரு சுற்று. நடுத்தரமானவர்களுக்கு இரண்டு. வைரக்கண்ணுவுக்கு ஐந்து. "என் தலையில கோபுரமே கட்டிட்டாளே!" என்று வைரக்கண்ணு கத்தினாள். தண்டு இரண்டும் பதினாறு தலையிலும் ஒரே மட்டமாக உட்கார்ந்தது.

கட்டு சுமக்கிறவர்களுக்கு ஒரு நடை உண்டு. கால் குட்டியாக விழும், வேகமாக விழும், இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையாது. வரப்பில் வழுக்காமல் களத்துக்கு ஓடிப் பழகிய நடை. கோவில் வாசலிலிருந்து மறுபடி கிளம்பி, அந்த நடையில் ஆற்றங்கரைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்கள். நெல்மூட்டை இருந்த இடத்தில் இருந்தது. சாமியார் கைதட்டினார். இராயப்பன் மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மைக்காவது நான் கட்டறேன்" என்றார்.

திருநாள் அன்று வெயில் தாழ்ந்ததும் மாதாவைத் தூக்கினார்கள். தோளில் போகும்போது ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிற மாதா, இந்த முறை இன்னும் ஒரு முழம் மேலே போனாள். ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஜனம் பின்னால் வந்தது. மணல் சூடு காலைச் சுட்டது. மதலேனாள் வலது தண்டில் முதல் ஆள்.

நடு ஆற்றில் நின்றுவிட்டார்கள். லாரிக்காரர்கள் மணல் அள்ளிப் போன பள்ளம், இடுப்பளவு ஆழம், குறுக்கே நீளமாகக் கிடந்தது. சுற்றிப் போக இடம் இல்லை. இறங்கினால் முன்னால் தாழும், மாதா சாய்வாள். பின்னால் இருந்து ராசம்மாள், "யக்கா, கழுத்து தாங்கலக்கா" என்றாள்.

யாரோ பள்ளத்தில் குதித்த சத்தம் கேட்டது. ஞானப்பிரகாசம். பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தான். இரண்டு கையாலும் கரை மணலைச் சரித்துத் தள்ளினான். அவன் பின்னாலேயே இராயப்பன் குதித்தார், சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தார். கால் வைக்கிற அளவுக்குச் சரிவு வந்தது.

"நான் சுரூபத்தைத் தொடலம்மா. பாதைதான் போடறேன்" என்றான் மகன்.

"அதுவும் வேதத்துல இருக்குடா, பள்ளத்தையெல்லாம் மேடாக்கச் சொல்லி. போடு!" என்றாள் தாய்.

மதலேனாள் குரல் கொடுத்தாள்: "முன்னாடி ஆளு நிமிந்து நில்லு, பின்னாடி ஆளு முட்டியை மடக்கு!" பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் இருந்தவர்கள் மடங்கினார்கள், ஏறும்போது முன்னால் இருந்தவர்கள் மடங்கினார்கள். மாதா தலையில் வைத்திருந்த மல்லிகைப் பந்து கூட நழுவவில்லை.

அக்கரையில் கூட்டம் முன்கூட்டியே பார்த்துவிட்டது. உயரத்தில் வந்ததால் கரைமேட்டுக்கு அப்பால் நிற்கிறவர்களுக்கும் தெரிந்தது. வேட்டு போட்டார்கள். குலவை எழுந்தது. ஞானாம்பாள் இந்த முறை விளக்குக்குக் கண்ணாடிக் கூடு போட்டு ஏந்தி, தண்ணீர் இருந்தால் நனையும் இடம் வரைக்கும் இறங்கி வந்து நின்றாள்.

நாத்தனார் தலையில் மாதாவைப் பார்த்ததும் அவள் இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்தாள். விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். "பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே. உம்முடைய திருவயிற்றின் கனியும் ஆசீர்வதிக்கப்பட்டதே. என் ஆண்டவருடைய தாயார் என்னிடம் வர நான் எம்மாத்திரம்!"

கூட்டம் ஆமென் என்றது. வடகரை ஆண்கள் சப்பரத்தை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்கள். மதலேனாள் அசையவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, வேர்வை கண்ணில் இறங்கியது, ஆனாலும் அசையவில்லை.

"எறக்கு மதலேனு, வந்தாச்சுல்ல" என்றாள் ஞானாம்பாள்.

"இது இந்த வருஷத்துக்கு அண்ணி" என்றாள் மதலேனாள். "போன வருஷத்துக்கு இன்னொரு தரம் சொல்லுங்க. அப்புறம் எறக்கறோம்."